டீச்சர் போனை எடுத்த பசங்களை விட நம்ம பெரியவங்க மேலதான் எனக்குக் கோவம்

எங்க ஊரு ஹைஸ்கூல்ல (திருமங்கலம் பக்கம், ஸ்கூல் பேர் வேணாம்) கணக்கு டீச்சர் ஸ்டாஃப் ரூம்ல சார்ஜ் போட்டிருந்த போனை களவாண்டுட்டாய்ங்க. ரெண்டு நாள் கழிச்சு தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி சிம் இல்லாம கெடந்துச்சு, பத்தாவது படிக்கிற ரெண்டு பயலுகதான்னு தெரிஞ்சும் போச்சு. பெத்தவங்களை வரச் சொன்னாங்க. அங்க நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறல.

ஒருத்தர் சொல்றாரு, "போனை நீங்க பத்திரமா வச்சிருக்க வேண்டியதுதான டீச்சர்"னு. ஒரு அம்மா, "வெளையாட்டுக்கு எடுத்துட்டான், இதப் போயி இம்புட்டு பெருசாக்குறீங்க"ங்குது. ஸ்கூல் தரப்புல, வெளிய தெரிஞ்சா பேரு கெட்டுரும் விட்ருங்கன்னு டீச்சரைத்தான் சமாதானம் பண்றாங்க. பயலுக ரெண்டு பேரும் பக்கத்துலயே நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருக்காய்ங்க. கடைசி வரைக்கும் ஒருத்தன் கூட டீச்சர் மொகத்தைப் பாத்து ஒரு வார்த்தை பேசல, பேசச் சொல்லவும் ஆளில்ல. மறுநாள் அவங்க கிளாஸுக்குப் போயி நோட்டை எடுங்கடான்னா எவன் எடுப்பான்?

அந்த போன் அவங்க சம்பளத்துல வாங்குனது. அட்டெண்டன்ஸ் போடுறது, ஆபீஸுக்கு விவரம் ஏத்துறது எல்லாமே இப்ப ஆப்லதான், அதுக்குன்னு தனியா போனா குடுத்துட்டாங்க? மதுரையில இருந்து ரெண்டு பஸ் மாறி வர்றாங்க, ஸ்பெஷல் கிளாஸ் அன்னைக்குப் புள்ளைகளுக்குப் பசிக்குமேன்னு சொந்தக் காசுல சுண்டல் வாங்கிட்டு வர்றவங்க. பத்திரமா வைக்கச் சொல்றவங்க ஸ்டாஃப் ரூமை ஒரு தடவ எட்டிப் பாருங்க, இருக்கிறது ஒரே பீரோ, அதுக்கும் பூட்டு வேலை செய்யாது.

இன்னொரு கூட்டம், நாலு சாத்து சாத்தணும், போலீஸ்ல குடுக்கணும்னு கமெண்ட் போடுது. அதையும் நான் ஒத்துக்க மாட்டேன். நாங்க படிக்கையில பிரம்பு இருந்துச்சு, அப்பவும் பேனாவும் காசும் காணாமத்தான் போச்சு. 2009 கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவு புள்ளைகளை அடிக்கவும் கூடாது மனசு நோகடிக்கவும் கூடாதுங்குது, அது சரிதான். 18 வயசுக்குக் கீழ உள்ள பயலை ஜெயில்ல போடவும் முடியாது, 2015 சிறார் நீதிச் சட்டப்படி சிறார் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும், அவங்களே அறிவுரை சொல்லி அனுப்பலாம், கவுன்சிலிங் குடுக்கலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம்னும் அதுல இருக்கு. அத ஏன் ஊருக்குள்ளயே நாம செய்யக்கூடாதுங்கிறேன். அப்பா அம்மா கூட நிக்க, அவனே டீச்சர்ட்ட போயி "நான்தான் எடுத்தேன்"னு வாயைத் திறந்து சொல்லட்டும். சிம்முக்கு ஆன காசை வீட்டுல குடுக்கட்டும். ஏன் எடுத்தான்னு ஒருத்தர் உக்காந்து பொறுமையா கேக்கட்டும், வீட்டுல என்ன கஷ்டமோ, எவன் தூண்டிவிட்டானோ, நமக்கென்ன தெரியும். மத்த புள்ளைக முன்னாடி வச்சு அசிங்கப்படுத்த வேணாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவுல நாலுல மூணு பங்கு பெத்தவங்கதான் இருக்கணும்னு சட்டமே சொல்லுது, நாம கையெழுத்து போட்டுட்டு டீ குடிச்சிட்டு வந்துடுறோம். வர்ற கூட்டத்துல ரெண்டு விஷயம் கேக்கப் போறேன், ஸ்டாஃப் ரூமுக்கு பூட்டு போட்ட லாக்கர், அப்புறம் டீச்சர்ட்ட அன்னைக்கு அப்படிப் பேசுன பெரியவங்களும் மன்னிப்பு கேக்கணும். எங்க ஊர்க்காரங்க இதைப் படிச்சா தயவு செஞ்சு வந்துருங்க, தனியா ஒருத்தி பேசுனா காதுல வாங்க மாட்டாங்க.