எம்.பில். பட்டம் செல்லாக்காசா? அந்த வாட்ஸ்அப் செய்தி தவறு

"எம்.பில். ரத்து, ஏற்கெனவே வாங்கிய பட்டமும் செல்லாது, கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகள் (மனநல சிகிச்சை தரும் உளவியலாளர்கள்) இனி நோயாளிகளைப் பார்க்கக்கூடாது" என்று சிவப்பு எழுத்தில் ஒரு செய்தி சுற்றுகிறது. என் தங்கை மகள் இரண்டு வருடம் மனநல வார்டில் நின்று கிளினிக்கல் சைக்காலஜியில் எம்.பில். படித்தவள், ராத்திரி பதினொரு மணிக்கு போன் போட்டு "பெரியம்மா, இது நிஜமா?" என்று அழாத குறையாகக் கேட்டாள்.

சரி, நடந்தது இதுதான். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 நவம்பரில் வெளியிட்ட பிஎச்.டி. விதிமுறைகளின் 14-வது விதி, பல்கலைக்கழகங்கள் இனி எம்.பில். நடத்தக்கூடாது என்கிறது. ஆனால் அதற்கு முன் தொடங்கிய எம்.பில். படிப்புகளை இது பாதிக்காது என்றும் அதே விதிமுறைகளிலேயே இருக்கிறது, செய்தியைப் பரப்புகிறவர்கள் அந்த வரியை விட்டுவிடுகிறார்கள். 2023 டிசம்பர் அறிவிப்பும் புதிய சேர்க்கையைத்தான் நிறுத்தச் சொன்னது. அதற்கப்புறம் கிளினிக்கல் சைக்காலஜி, சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க் (மனநல சமூகப் பணி) இரண்டுக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கும் கொடுத்தார்கள்.

விதிமுறையும் அறிவிப்புகளும் யுஜிசி இணையதளத்தில் இருக்கின்றன. உங்கள் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டின் பதிவை இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவேட்டில் பார்க்கலாம். சிகிச்சையில் இருக்கிறவர்கள் அந்த வாட்ஸ்அப் செய்தியைப் படித்துவிட்டுப் பாதியில் நிறுத்திவிடுவார்களோ என்றுதான் எனக்குப் பயம். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.