தவளை சுருங்கவில்லை

நேற்றைய கூத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள்.

பீல்செபுஃபோ என்ற அழிந்துபோன தவளை 40 செ.மீ. நீளம், டைனோசரையே தின்றது, உலகிலேயே பெரிய தவளை என்று ஒரு பதிவு. அதற்குக் கீழே நான் எழுதியது இரண்டே வரி. 40 செ.மீ. என்பது 2008-இல் போட்ட கணக்கு, 2014-இல் அதிகபட்சமே 23 செ.மீ. அளவுதான் என்று திருத்திவிட்டார்கள். இவ்வளவுதான். அதற்கு "வந்துட்டாருய்யா விஞ்ஞானி", "உங்களுக்கு எதிலதான் சந்தோஷம்?" என்று வரிசைகட்டி வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் என் நண்பர்கள். சரி, இருக்கட்டும்.

திருத்தியது நானில்லை ஐயா. 2008-இல் அந்தத் தவளைக்குப் பெயர் வைத்த சூசன் எவன்ஸ், மார்க் ஜோன்ஸ், டேவிட் க்ராஸ் மூவரும்தான் 2014 கட்டுரையிலும் இருக்கிறார்கள். மடகாஸ்கரின் வடமேற்கில், 7 கோடி வருடப் பாறையில், 1993-லிருந்து துண்டு துண்டாகப் பொறுக்கிய எலும்புகள் அவை. முதலில் கையில் இருந்தது பெரும்பாலும் மண்டையோட்டுச் சில்லுகள். அதை வைத்து உடம்பைக் கணக்கிட்டார்கள், நாலரைக் கிலோ வரை போனது. பிறகு இன்னும் நல்ல எலும்புகள் கிடைத்தன, கணக்கு மாறியது. தவளை சுருங்கவில்லை, நமக்குத் தெரிந்தது கூடியிருக்கிறது.

"எலும்பை வைத்து என்னத்தைச் சொல்லிவிட முடியும், எல்லாம் ஊகம்தானே" என்று ஒருவர். விலங்கியல் படித்தபோது செய்முறை வகுப்பில் ஒரு தவளையின் எலும்புகளைப் பெட்டியில் போட்டுக் கொடுப்பார்கள். முன்னங்காலில் இரண்டு எலும்பு ஒட்டி ஒன்றாகியிருக்கும், நடுவில் ஒரு பள்ளம் மட்டும் தெரியும். முதுகெலும்பின் கடைசியில் யூரோஸ்டைல், குச்சி மாதிரி. மேல்தாடையை விரல் நுனியில் தடவினால் பல் வரிசை சொரசொரவென்று படும். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பெட்டியையே திறக்கவேண்டும். முழுத் தவளை, ஒரு எலும்பு குறையாமல் இருந்தும், அடுக்கி முடிப்பதற்குள் வகுப்பு முடிந்துவிடும். நொறுங்கிய சில்லுகளை ஆண்டுக்கணக்கில் பொருத்திப் பார்த்தவர்களின் உழைப்பை "ஊகம்தானே" என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுகிறீர்கள். எலும்பு நிறத்தைச் சொல்லாது, குரலைச் சொல்லாது. அளவைச் சொல்லும், நிறைய எலும்பு கிடைத்தால் இன்னும் சரியாகச் சொல்லும்.

"இதைவிடப் பெரிய எலும்பு நாளைக்கே கிடைக்கலாமே?" கிடைக்கலாம். கிடைத்தால் முதலில் பகிர்வது நான்தான். அதுவரை 23.

இன்னொருவர், "டைனோசரைத் தின்ற தவளையைக் குட்டியாக்கிவிட்டீர்களே" என்று உருகினார். தின்றதை யார் பார்த்தார்கள்? இன்றும் உயிரோடிருக்கும் தென் அமெரிக்கக் கொம்புத் தவளைகளின் கடியை ஆய்வாளர்கள் அளந்து, அதிலிருந்து பீல்செபுஃபோவின் கடி விசை 2,200 நியூட்டன் வரை இருந்திருக்கலாம் என்று 2017-இல் சொன்னார்கள். சிறிய டைனோசரை, குட்டிகளைப் பிடிக்க முடிந்திருக்கும் என்பதுதான் அதன் பொருள். வயிற்றில் டைனோசர் எலும்போடு ஒரு பீல்செபுஃபோவும் கிடைக்கவில்லை. "உலகிலேயே பெரிய தவளை" என்ற பட்டமும் இனி செல்லாது. கேமரூனில் இன்றைக்கும் உயிரோடு இருக்கும் கோலியாத் தவளை 30 செ.மீ. தாண்டும். அதை யாராவது பகிர்ந்தீர்களா? செத்துப்போனால்தான் லைக் விழும் போலிருக்கிறது.

உண்மையில் எனக்கு வலித்தது கிண்டல் இல்லை. இதே பக்கத்தில் எத்தனையோ இரவு உட்கார்ந்து தொல்லுயிர் பற்றி எழுதியிருக்கிறேன், அப்போதெல்லாம் "அருமை சார்" போட்டவர்கள்தான் நேற்று சிரிப்புப் பொம்மை போட்டார்கள். பிடித்த கதையைச் சொன்னால் சார், எண்ணைத் திருத்தினால் தலைக்கனம். 23 செ.மீ. தவளை உங்களுக்கு அற்பமா? ஒரு ஸ்கேலை எடுத்து மேஜையில் வைத்துப் பாருங்கள். அந்த நீளத்துக்கு ஒரு தவளை, 15 செ.மீ. அகலத் தலை, மண்டையெல்லாம் குழியும் மேடுமாக. இது போதாதென்று யாருக்குத் தோன்றும்?

பதிவை நீக்கச் சொல்லவில்லை, எண்ணை மாற்றினால் போதும். அப்புறம், அந்தப் படத்தில் தவளைக்குப் பின்னால் டைரனோசரஸ் ஒன்று நிற்கிறது. அது வாழ்ந்தது வட அமெரிக்காவில். அதற்கும் கமெண்ட் போடலாமா, இல்லை சும்மா இருக்கட்டுமா?