கையெழுத்துப் போடுவது நாம், பென்ச்சில் உட்காருவது பிள்ளை

ஆகஸ்ட் வந்துவிட்டால் டாலஸ் பக்கம் சாஃப்ட்பால் ஆடும் பெண் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் டிரையவுட் பேச்சுதான், எந்த அணி யாரைத் தேர்ந்தெடுக்கும் என்று. போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்தார். மகளுக்குப் பதினொரு வயது. முதல் முறையாக ஒரு டிராவல் டீமில் எடுத்திருக்கிறார்கள். "அண்ணா, நாலு பக்கத்துக்கு ஒரு பேப்பர் அனுப்பியிருக்காங்க. ரெண்டு நாளைக்குள்ள கையெழுத்துப் போட்டு அட்வான்ஸ் கட்டணுமாம். எல்லாரும் போடுறதுதானே, போட்டுடட்டுமா?" என்று கேட்டார்.

அவசரப்படாதீங்க, முதலில் முழுசாகப் படியுங்கள், மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள் என்று சொன்னேன். அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். ஏனென்றால் இரண்டு வருடத்துக்கு முன்னால் அதே மாதிரி ஒரு ஒப்பந்தப் பேப்பரில் நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அதனால் கஷ்டப்பட்டது நான் இல்லை, என் மகளோடு ஆடிய இன்னொரு பெண். அடுத்த வருடம் நான் செய்த இன்னொரு தப்புக்கு என் மகளே கஷ்டப்பட்டாள்.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாஃப்ட்பால் என்பது பேஸ்பால் மாதிரி மட்டையால் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற ஆட்டம். பந்து வீசுகிறவர் பிட்சர், அடிக்கிறவர் பேட்டர். ரெக் என்பது ஊர் லீக். பெயர் கொடுத்தால் எல்லோருக்கும் இடம் உண்டு, எல்லோரும் ஆடுவார்கள். டிராவல் என்பது தேர்வு வைத்துப் பொறுக்கி எடுக்கிற அணி. இலையுதிர் காலத்தில் ஆரம்பித்தால் அடுத்த ஜூலை வரை ஓடும். வாரத்தில் இரண்டு நாள் மாலைப் பயிற்சி. அதற்கு மேல் பேட்டிங்குக்கோ பிட்சிங்குக்கோ தனியாக ஒரு கோச்சிடம் காசு கொடுத்து வகுப்பு. டோர்னமென்ட் என்றால் சனிக்கிழமை பூல் என்கிற குழு ஆட்டங்கள், ஞாயிற்றுக்கிழமை பிராக்கெட் என்கிற நாக் அவுட் சுற்று. ஜெயிக்க ஜெயிக்க ஆடிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு வார இறுதியில் ஐந்தாறு ஆட்டம் சாதாரணம். எட்டு மணிக்கு ஆட்டம் என்றால் ஆறே முக்காலுக்கு மைதானத்தில் நிற்க வேண்டும். வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் டாலர் செலவாகும். இவ்வளவு கட்டினாலும் பிள்ளையை ஆட வைப்பார்கள் என்று எந்த உறுதியும் கிடையாது. ஆட்ட நேரத்தைத் திறமையால்தான் வாங்க வேண்டும் என்று அந்தப் பேப்பரிலேயே இருக்கும்.

இதெல்லாம் சரி. போட்டி அணி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். கண்டிப்பே கூடாது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை.

என் மகள் கேட்சர். பிட்சருக்கு எதிரே, பேட்டருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு பந்தையும் வாங்குகிற வேலை. பன்னிரண்டு வயதுப் பிரிவில் பந்து நாற்பது அடி தூரத்திலிருந்துதான் வரும். முகக்கூண்டு வைத்த ஹெல்மெட், மார்புக் கவசம், முழங்காலிலிருந்து பாதம் வரை கவசம், எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு டெக்சாஸ் ஜூன் வெயிலில் ஒரு ஆட்டத்தில் நூறு தடவைக்கு மேல் உட்கார்ந்து எழ வேண்டும். அதனால்தான் எந்த அணியும் கேட்சர் இரண்டு பேரையாவது வைத்துக்கொள்ளும். எங்கள் அணியில் இருந்ததும் இரண்டே பேர்தான்.

அந்த வருடம் ஜூன் நடுவில் கிளம்பி ஜூலை கடைசியில் திரும்புகிற மாதிரி ஊருக்கு டிக்கெட் போட்டிருந்தோம். நம் வீடுகளில் வழக்கம்தானே, பள்ளிக்கூடம் லீவு விட்டால் ஊர். பாட்டி காத்துக்கொண்டிருப்பார்கள், ஆடி மாதம் குலதெய்வம் கோவிலில் கொடை இருக்கும். அந்த ஆறு வாரம்தான் சீசனின் முக்கியமான காலம் என்பது பேப்பரின் மூன்றாம் பக்கத்தில் தெளிவாக இருந்தது. நான் பார்க்கவில்லை. ஏப்ரல் மாதம்தான் கோச்சிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கையில் இருந்த ஆட்ட அட்டவணையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அப்படியானால் அந்த இன்னொரு பெண் ஒருத்திதான் எல்லா ஆட்டத்தையும் பிடிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அப்படித்தான் நடந்தது. நாங்கள் ஊரில் இருந்த ஆறு வாரமும் அந்தப் பெண் ஒருத்தியே பிடித்தாள். திரும்பி வந்த பிறகு அவளுடைய அம்மா என் மனைவியிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார், ஒரு ஞாயிறு ராத்திரி வீட்டு மாடிப்படியில் ஏற முடியாமல் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து மேலே போனாள் என்று. குறை சொல்லும் தொனியே இல்லையாம். அதைக் கேட்டதிலிருந்து அந்தப் பெண் எதிரே வரும்போதெல்லாம் எனக்கு மனசு உறுத்தும். பன்னிரண்டு வயது. என் வாக்கை அவள் முழங்கால் சுமந்திருக்கிறது.

ஊருக்குப் போனது தவறு என்று நான் சொல்லவில்லை. பாட்டியைப் பார்ப்பதை விட எந்த டோர்னமென்ட்டும் பெரிசு இல்லை. போவது என்று முடிவு செய்திருந்தால் அந்த வருடம் ரெக்கில் ஆட வைத்திருக்க வேண்டும், அல்லது ஆகஸ்டிலேயே கோச்சிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் மூன்றாவதாக ஒரு கேட்சரை எடுத்திருப்பார், அல்லது எங்களுக்கு இடம் இல்லை என்றிருப்பார். இரண்டுமே நியாயம்.

அடுத்த வருடம் இன்னொரு அணி. பெயர் வேண்டாம். அங்கே நேரத்துக்கு வராவிட்டால் முதல் ஆட்டம் பென்ச், அதாவது ஆட விடாமல் உட்கார வைப்பது, என்பது விதி. ஒரு சனிக்கிழமை நான் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். மகள் ஐந்தரைக்கே சீருடை போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். ராத்திரி வெகுநேரம் வேலை பார்த்தேன் என்பதால் எழுப்பத் தயங்கியிருக்கிறாள். இருபத்தைந்து நிமிடம் தாமதம். கார் நிற்பதற்குள் கதவைத் திறந்து, ஷூ லேஸைக்கூடக் கட்டாமல் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கோச் அவளைப் பார்த்து பென்ச்சைக் கை காட்டினார்.

அந்த ஆட்டம் முழுக்க அவள் டக்அவுட்டில், அணிப் பிள்ளைகள் உட்காருகிற இடத்தில், என்ன செய்தாள் என்று கம்பிவலைக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அழவில்லை. அவளுக்குப் பதிலாகப் பிடித்த பெண் பேட்டிங் முடித்து ஓடி வரும்போதெல்லாம் இவள் மண்டியிட்டு அந்தப் பெண்ணின் கால் கவசத்தின் கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டிவிட்டாள். கேட்சர் தாமதமானால் நடுவர் சத்தம் போடுவார் என்பதால் இரண்டு பேர் சேர்ந்து மாட்டுவது வழக்கம். யாரும் சொல்லாமல் தானாகவே செய்தாள். மற்ற பிள்ளைகள் பாட்டுப் பாடிக் கத்தும்போது இவளும் கத்தினாள்.

வீட்டுக்கு வரும் வழியில் பாதி தூரம் பேசவில்லை. அப்புறம், "நீ லேட்டா எழுந்ததுக்கு நான் எதுக்குப்பா உக்காரணும்?" என்று கேட்டாள். இன்று வரை அதற்கு என்னிடம் பதில் இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் கார் ஓட்ட முடியாது. அவள் எத்தனை மணிக்கு மைதானத்தில் இருப்பாள் என்பது என் கையில் இருக்கிறது. பணத்தைத் தேதிக்குள் கட்டுவது, ஊர்ப் பயணத்தை முன்கூட்டியே சொல்வது, ஆட்டத்தின்போது நடுவரைப் பார்த்துக் கத்தாமல் இருப்பது எல்லாமே பெரியவர்கள் கையில்தான் இருக்கிறது. நாங்கள் செய்ய வேண்டியதை நாங்கள் செய்யாவிட்டால் தண்டனையை எங்களுக்குக் கொடுங்கள். மைதானத்துக்குத் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள், அபராதம் போடுங்கள், அடுத்த வருடம் இந்தக் குடும்பம் வேண்டாம் என்றுகூடச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். இதை அந்தக் கோச்சிடமே நேரில் சொன்னேன். விதி விதிதான் என்றார். நான் சொன்னதில் எனக்கு இன்னும் மாற்றுக் கருத்து இல்லை.

அப்படியானால் பிள்ளையிடம் எதை எதிர்பார்க்கலாம்? நிறையவே எதிர்பார்க்கலாம். ஒரு உதாரணம் சொல்கிறேன். 2025 ஜூனில் ஓக்லஹோமா சிட்டியில் பெண்கள் கல்லூரி சாஃப்ட்பால் இறுதிப் போட்டி. டெக்சாஸ் பல்கலைக்கழகமும் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகமும். முதல் ஆட்டத்தின் ஆறாவது இன்னிங்ஸில் டெக் ஒன்றுக்கு பூஜ்யம் முன்னிலை. பேட்டிங் பிடித்தவர் டெக்சாஸின் கேட்சர் ரீஸ் அட்வுட். அவரை அடிக்க விடக் கூடாது என்று பிட்சர் நைஜேரி கனடி வேண்டுமென்றே எட்டாத தூரத்தில் பந்து போட்டு, அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போக விட்டுவிடப் பார்த்தார். அந்த மாதிரி நேரத்தில் பேட்டர்கள் சும்மா மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு பந்து மட்டும் கொஞ்சம் எட்டும் தூரத்தில் வந்துவிட்டது. அட்வுட் அதை இடது பக்கம் அடித்தார், இரண்டு ரன். டெக்சாஸ் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது, அந்த வருடக் கோப்பையையும் எடுத்தது.

என் மகள் அந்த ஒரு பந்தின் வீடியோவை எத்தனை தடவை போட்டுப் பார்த்திருப்பாள் என்று கணக்கில்லை. அவளும் கேட்சர் என்பதால் அட்வுட் மேல் தனிப் பிரியம். 2028 ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் ஆட்டங்கள் ஓக்லஹோமா சிட்டியில் நடக்கப் போகின்றன. எங்களுக்கு மூன்று மணி நேரப் பயணம்தான், இப்போதே டிக்கெட்டுக்குச் சேர்த்து வைக்கிறாள். பிள்ளையிடம் கேட்க வேண்டியது அந்த விழிப்பைத்தான். தன் பக்கம் வராத பந்துக்கும் தயாராக நிற்பது, அவுட் ஆனதும் ஹெல்மெட்டை வீசாமல் இருப்பது, பயிற்சியில் கடைசிச் சுற்றையும் ஓடி முடிப்பது, பென்ச்சில் இருந்தாலும் அடுத்தவளுக்குக் கொக்கி மாட்டிவிடுவது. இவை அவள் கையில் இருக்கிறவை. இவற்றில் கோச் எவ்வளவு கறாராக இருந்தாலும் நான் வாய் திறக்க மாட்டேன்.

வலியில் ஆடுவதை மட்டும் அர்ப்பணிப்பு என்று யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. ஜப்பானின் யுகிகோ உயேனோ 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இரண்டு நாளில் 413 பந்து வீசித் தங்கம் வாங்கிக் கொடுத்த கதையை இங்கே பெற்றோர்கள் அடிக்கடி சொல்வார்கள். பெரிய சாதனைதான், நானும் தலை வணங்குகிறேன். அப்போது அவருக்கு 26 வயது, தன் உடம்பைப் பற்றித் தானே முடிவெடுக்கக்கூடிய வயது. கீழிருந்து கையைச் சுழற்றி வீசுவதால் தோளுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டு, பதினோரு வயதுப் பிள்ளையை ஒரே ஞாயிறு நாலு ஆட்டம் வீச வைப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூன்றாவது ஆட்டத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளை தோளில் ஐஸ் பையோடு உட்கார்ந்திருந்தாள். டீமுக்காக இன்னும் ஒரே ஒரு ஆட்டம் என்று அவளிடம் கேட்டார்கள். அந்த வயதில் எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்?

டிராவலில் ஆடினால் காலேஜ் ஸ்காலர்ஷிப் கிடைக்கும் என்கிற பேச்சும் அப்படித்தான். 2018 முதல் இருக்கிற விதிப்படி, பதினொன்றாம் வகுப்பு வருடத்தின் செப்டம்பர் 1 வரைக்கும் கல்லூரிக் கோச்கள் பிள்ளைகளிடம் இது பற்றிப் பேசவே கூடாது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இது எதற்கு?

கோச்களிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான், உண்மை. அந்த இரண்டாவது அணியில் டிரையவுட் முடிந்ததும் எங்களிடம், உங்கள் மகள்தான் எங்கள் முதல் கேட்சர் என்றார்கள். பிறகு பேசிப் பார்த்ததில் அதையே மூன்று வீட்டுக்குச் சொல்லியிருக்கிறார்கள். பன்னிரண்டு பேர் அணியில் ஒன்பது பேர்தான் களத்தில் நிற்க முடியும், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வருடம் முழுக்கப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்துவிட்டு, பிராக்கெட்டுக்கு மட்டும் வெளியிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு டோர்னமென்ட்டையும் தவற விடக் கூடாது என்று எங்களிடம் கையெழுத்து வாங்கியவர்கள் அவர்கள். நாங்கள் விட்டுப் போகக் கூடாது என்றால் அவர்களும் எங்களை விட்டுவிட்டு வேறு ஆளைத் தேடக் கூடாது. பேப்பரில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

நம்மவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சனி ஞாயிறில் தமிழ்ப் பள்ளி, பரதநாட்டிய வகுப்பு, பாட்டு வகுப்பு, பிறந்தநாள் விழாக்கள் எல்லாம் இருக்கும்போது டிராவலுக்கும் சரி என்று சொல்லிவிடுகிறோம், எல்லாவற்றிலும் பாதி பாதி வருகிறோம். அரங்கேற்றம் நடக்கப் போகிற வருடம் என்றால் அந்த வருடம் ரெக்கில் ஆடட்டும். அதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. என் மகள் மட்டையைப் பிடிக்கக் கற்றுக்கொண்டது ரெக்கில்தான், அவள் அதிகம் சிரித்ததும் அங்கேதான்.

இந்த வருடம் பதினான்கு வயதுப் பிரிவு. பேப்பர் வந்ததும் அவளிடமே கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேனாவால் கோடு போட்டுப் போட்டுப் படித்தாள். புதுக் கோச்சைப் பார்க்கப் போனபோது நான் பேசவில்லை, அவளே கேட்டாள், எத்தனை ஆட்டம் நான் பிடிப்பேன் என்று. அந்தக் கோச் அம்மா கொஞ்சம் யோசித்து, இப்போதைக்கு ஐந்தில் இரண்டு, மீதியில் ஒன்று வலது ஓரத்தில் ரைட் ஃபீல்டு, இரண்டில் பென்ச், கிறிஸ்துமஸ் முடிந்ததும் மறுபடி பார்க்கலாம் என்றார். மகள் சரி என்றாள். அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.

ராத்திரி ஊருக்குப் போன் செய்து, இனி ஆடிக்கு வர முடியாது, டிசம்பர் லீவில் வருகிறோம் என்று அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "மார்கழில வந்தா வாசல்ல கோலம் போடச் சொல்லித் தரலாம். அதான் குனிஞ்சு நிமிந்து பழகியிருக்காளே" என்றார்கள்.