சாதாரணச் செயற்கூறு எப்போதும் வெல்வதில்லை
சி பிளஸ் பிளஸ் நிரல்மொழியில் ஒரே பெயரில் சாதாரணச் செயற்கூறும் (ஃபங்ஷன்), பல வகைத் தரவுக்கும் செயற்கூறு உருவாக்கித் தரும் அச்சான டெம்ப்ளேட்டும் இருந்தால் கம்பைலர் எப்போதும் சாதாரணச் செயற்கூறையே தேர்ந்தெடுக்கும் என்று இந்தக் கட்டுரை சொல்வதில், 'எப்போதும்' என்ற சொல் பிழையானது. கம்பைலர் முதலில் ஆர்க்யுமென்ட்டின் (அழைக்கும்போது அனுப்பும் மதிப்பின்) வகையிலிருந்து, டெம்ப்ளேட்டில் வகையின் இடத்தில் நிற்கும் 'டி' எது என்று வருவித்து, அதனால் கிடைத்த செயற்கூறையும் மற்றவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தி, எதற்குக் குறைந்த வகைமாற்றம் போதும் என்று ஒப்பிடுகிறது. அந்த ஒப்பீடு சமமாக முடிந்தால் மட்டுமே சாதாரணச் செயற்கூறுக்கு முன்னுரிமை. 'லாங்' என்ற முழு எண் வகையை ஏற்கும் செயற்கூறும் 'டி' ஏற்கும் டெம்ப்ளேட்டும் இருக்கையில் 5 என்ற எண்ணை அனுப்பினால், 'டி' என்பது அந்த எண்ணின் சொந்த வகையான 'இன்ட்' ஆகி அப்படியே பொருந்துவதால் டெம்ப்ளேட்தான் அழைக்கப்படும். இதில் நான் ஒரு முழு நாளை இழந்திருக்கிறேன்: 'கான்ஸ்ட் ஸ்டிரிங்' (மாற்றக் கூடாத எழுத்துச்சரம்) ரெஃபரன்ஸ் ஏற்கும் செயற்கூறை எழுதி வைத்திருந்தும், கான்ஸ்ட் அல்லாத ஸ்டிரிங் மாறியை அனுப்பிய இடங்களிலெல்லாம், பக்கத்தில் இருந்த 'டி&&' ஏற்கும் டெம்ப்ளேட், கான்ஸ்ட் சேர்க்க வேண்டிய தேவை தனக்கு இல்லாததால், அழைப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. எந்த எச்சரிக்கையும் வரவில்லை. மேலே கருத்திட்ட ஒருவர், குறிப்பிட்ட ஒரு வகைக்கென டெம்ப்ளேட்டுக்கு எழுதும் தனி வடிவமான ஸ்பெஷலைசேஷன் எழுதினால் போதும் என்கிறார். ஆனால் ஸ்பெஷலைசேஷன்கள் இந்தப் போட்டியில் கலந்துகொள்வதே இல்லை, ஒரு முதன்மை டெம்ப்ளேட் வென்ற பிறகுதான் கம்பைலர் அதற்குரிய ஸ்பெஷலைசேஷன் உண்டா என்று பார்க்கும்.