பூட்டுக்கும் ஒரு காலாவதித் திகதி வேண்டும்

கணினி விளையாட்டுகளின் திருட்டுப் பிரதி பற்றிய வாதம் எங்களூர் இளைஞர்களிடையே எப்போது எழுந்தாலும் இரண்டு கரைகளில் போய் நின்றுவிடுகிறது. காசு கொடுக்காமல் எடுப்பது களவு, அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்பார் ஒரு சாரார். ஒரு விளையாட்டுக்கு 60, 70 டொலர் கேட்கிறவன்தான் உண்மையான கொள்ளைக்காரன் என்பார் மறுசாரார். நான் இரண்டிலும் சேராதவன். பிரதி எடுப்பதால் ஆக்கியவனுக்கு நட்டம் வருகிறது என்பதையும், அதைத் தடுக்க அவன் விளையாட்டுக்குள் ஒரு மென்பொருள் பூட்டுப் போடுவதில் நியாயம் இருக்கிறது என்பதையும் ஏற்கிறேன். அந்தப் பூட்டின் தேவை முடிந்த பிறகும் அதைக் கழற்றாமல், காசு கொடுத்து வாங்கியவன் கழுத்தில் ஆயுள் முழுவதும் தொங்கவிடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் ஊரின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு ஒழுக்கம் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. 2002 இல் ஏ9 வீதி திறந்த பிறகுதான் யாழ்ப்பாணத்து வீடுகளுக்குக் கணினி பரவலாக வரத் தொடங்கியது. கூடவே சீடிக் கடைகளும் வந்தன. பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சீடி, நிறம் மங்கிய போட்டோகொப்பி அட்டை, அதன் பின்புறத்தில் பேனையால் எழுதிய தொடர் இலக்கம், இவ்வளவுதான் 'அசல்'. வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால் உள்ளே, பூட்டை உடைத்த கோப்பைக் கொண்ட 'கிராக்' என்றொரு கோப்புறை இருக்கும். அதிலுள்ள கோப்பை எடுத்து விளையாட்டு நிறுவப்பட்ட இடத்தில் போட்டு, பழையதை மாற்றவா என்று கணினி கேட்கும்போது ஆம் என்று அழுத்த வேண்டும். வைரஸ் தடுப்பை முன்கூட்டியே நிறுத்திவைக்கும்படி ஒரு குறிப்பும் இருக்கும். அதையும் நாங்கள் பவ்வியமாகப் பின்பற்றினோம். (தொடர் இலக்கம் உருவாக்கித் தரும் குட்டி நிரல்களைத் திறந்தவுடன் கீச்சுக் குரலில் ஒலிக்கும் அந்த இசையை என் வயதுக்காரர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.) 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டபோது, கொழும்பிலிருந்து எப்படியோ வந்து சேரும் ஒரு டிவிடியே ஊருக்கெல்லாம் போதுமானதாக இருந்தது. அசலைத்தான் வாங்குவேன் என்று ஒருவன் அடம்பிடித்திருந்தாலும் அவனுக்கு விற்பதற்கு இங்கே ஒரு கடை இல்லை, இணையத்தில் வாங்குவதற்குக் கையில் வங்கி அட்டை இல்லை. அந்தக் காலத்துப் பிரதிகளால் எந்த நிறுவனமும் யாழ்ப்பாணத்தில் ஒரு விற்பனையை இழந்தது என்று நான் நம்பவில்லை.

இன்று அந்த நியாயம் செல்லாது. அட்டை இருக்கிறது, ஓரளவு வேகமான இணைப்பும் இருக்கிறது. கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளத்தில் தெற்காசியாவுக்கென்று டொலரிலேயே தனி விலைப் பிரிவு உண்டு. பழைய விளையாட்டுகள் ஆண்டில் பலமுறை மலிவு விற்பனைக்கு வருகின்றன. ஆனாலும் புதிய பெரிய விளையாட்டுகளுக்கு அந்தப் பிரிவிலும் அமெரிக்க விலையையே போட்டுவிட்டுப் போகும் வெளியீட்டாளர்கள் இருக்கிறார்கள். 2022 இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 வரை ஏறியதைப் பார்த்தவர்கள் நாங்கள். இப்போது 300 என்று வைத்துக் கணக்குப் பார்த்தாலும் 60 டொலர் விளையாட்டின் விலை 18,000 ரூபாய். ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் தலைவர் கேப் நியூவெல், திருட்டுப் பிரதி என்பது பெரும்பாலும் விலையால் வருவதன்று, சேவைக் குறைவால் வருவது என்று 2011 இல் சொன்னார். அதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. எங்கள் நாட்டில் இருந்து பார்க்கும்போது விலையும் சேவையின் ஒரு பகுதியாகவே தெரிகிறது.

சேவையால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குப் போலந்து நல்ல உதாரணம். தொண்ணூறுகளில் அங்கும் சந்தை முழுவதும் திருட்டுச் சீடிதான். 1994 இல் தொடங்கப்பட்ட சிடி புரொஜெக்ட் நிறுவனம் 'பால்டர்ஸ் கேட்' விளையாட்டைப் போலிஷ் மொழிக்கு மாற்றி, பெயர்பெற்ற நடிகர்களைக் கொண்டு குரல் கொடுக்கவைத்து, வரைபடமும் கைநூலும் சேர்த்த பெட்டியாக விற்றது. திருட்டுச் சீடிக்காரனால் தர முடியாத ஒன்றைத் தந்ததால் சனம் காசு கொடுத்து வாங்கியது. அதே நிறுவனம் 2008 இல், எந்தப் பூட்டும் இல்லாத விளையாட்டுகளை விற்கும் ஜிஓஜி தளத்தைத் தொடங்கியது. 2015 இல் வெளியிட்ட 'த விட்சர் 3' ஐயும் அங்கே பூட்டின்றியே விற்றது. 2023 ஆகும்போது அந்த விளையாட்டு, கொன்சோல் பிரதிகளையும் சேர்த்து, ஐந்து கோடியைத் தாண்டியிருந்தது.

இந்த உதாரணத்தோடு வாதம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு கணக்கையும் காட்ட வேண்டும். எல்லோரும் 'விட்சர்' ஆக்குபவர்கள் அல்லர். 2013 இல் 'கேம் டெவ் டைக்கூன்' என்ற சிறிய விளையாட்டை இரண்டு சகோதரர்கள் எட்டு டொலருக்கும் குறைவான விலையில், பூட்டு எதுவுமின்றி வெளியிட்டார்கள். விளையாட்டு நிறுவனம் ஒன்றை நடத்துவதுதான் அந்த விளையாட்டு. அதே நேரத்தில் சிறு மாற்றம் செய்த ஒரு பிரதியைத் தாங்களே திருட்டுத் தளங்களிலும் ஏற்றிவிட்டார்கள். முதல் நாள் முடிவில் விளையாடிக்கொண்டிருந்த 3,318 பேரில் 3,104 பேர் கையில் இருந்தது திருட்டுப் பிரதி. காசு கொடுத்தவர்கள் 214 பேர். மாற்றம் என்னவென்றால், திருட்டுப் பிரதியில் விளையாடுபவரின் கற்பனை நிறுவனம் சிறிது காலத்தில், தன் விளையாட்டுகளை எல்லோரும் திருடுவதால் வங்குரோத்தாகிவிடும். அதைக் கண்டு, திருட்டைத் தடுக்கும் பூட்டை விளையாட்டுக்குள் எப்படிக் கண்டுபிடிப்பது என்று சிலர் முறைப்பாடு எழுதினார்களாம்! எட்டு டொலர் கூடக் கொடுக்க மனமில்லாத இடத்தில் விலையைக் காரணம் காட்டுவது எடுபடாது.

அப்படியானால் பூட்டு வேலை செய்கிறதா? சில வாரங்களுக்குச் செய்கிறது என்பதே எனக்குக் கிடைத்த நேர்மையான பதில். ஒஸ்திரிய நிறுவனமான டெனுவோவின் பூட்டு 2014 முதல் பெரிய விளையாட்டுகளில் வருகிறது. அப்பூட்டுப் போட்ட 86 விளையாட்டுகளை வைத்து அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் வோல்க்மன் 2024 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வெளியான முதல் வாரத்திலேயே பூட்டு உடைந்தால் வருமானத்தில் சராசரியாக 20 வீதம் போய்விடுகிறது; 12 வாரம் தாக்குப்பிடித்துவிட்டால், அதன் பிறகு உடைந்தாலும் இழப்பு ஏறத்தாழ இல்லை. நிறுவனங்கள் விற்பனைக் கணக்கை வெளியே தருவதில்லை என்பதால் ஸ்டீமில் எழுதப்படும் மதிப்புரைகள் போன்றவற்றிலிருந்து ஊகித்த கணக்கு இது, ஆகவே இலக்கத்தைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் அதன் வடிவம் விளையாட்டு விற்பனையை அறிந்த எவருக்கும் பொருந்தித் தெரியும். இதற்கு எதிர்த்திசையிலும் ஓர் ஆய்வு உண்டு. ஐரோப்பிய ஆணைக்குழு பணம் கொடுத்துச் செய்வித்து, 2015 இல் முடிந்து, 2017 வரை வெளியே வராமல் கிடந்த அந்த அறிக்கை, திருட்டுப் பிரதி விளையாட்டு விற்பனையைக் குறைக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நட்டம் முழுவதும் முதல் சில வாரங்களில்தான் குவிந்திருக்கிறது, பின்னால் கரைந்துவிடுகிறது என்ற முடிவுக்கே நான் வருகிறேன்.

சரி, அந்தச் சில வாரங்களுக்குப் பிறகு பூட்டு யாரைத் தடுக்கிறது? கிராக் செய்தவனிடம் பூட்டே இல்லை. மிச்சம் இருப்பது காசு கொடுத்தவன் மட்டுமே. கள்ளன் வேலியைப் பிரித்துக்கொண்டு போன பிறகு வீட்டுக்காரனை உள்ளே வைத்துப் படலையைக் கட்டுவது போன்ற வேலை இது. 2008 இல் வந்த 'ஸ்போர்' விளையாட்டை வாங்கியவர் மூன்று முறைதான் கணினியில் பதிவு செய்யலாம் என்றார்கள்; அமேசன் தளத்தில் ஒற்றை நட்சத்திர மதிப்புரைகள் வந்து குவிந்த பிறகே அதை ஐந்தாக உயர்த்தினார்கள். அதே ஆண்டு யூபிசொவ்ட் நிறுவனம், தன் விளையாட்டு ஒன்றில் வாங்கியவர்களுக்கு வந்த பூட்டுச் சிக்கலைத் தீர்க்க ஒரு திருத்தக் கோப்பு வெளியிட்டது. திறந்து பார்த்தால் அது ஒரு கிராக் குழு செய்த கோப்பு. பூட்டைப் போட்டவனே கள்ளச்சாவி வாங்கிப் பூட்டைத் திறந்த கதை! 2021 இல் 'ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்' விளையாட்டின் திருட்டுப் பிரதி, அசலைவிடத் தடங்கலின்றி ஓடியது. பிறகுதான் நிறுவனம் அசலைத் திருத்தியது.

இவற்றையெல்லாம்விட என்னைக் கோபப்படுத்துவது வின்டோஸ் 10 வந்தபோது நடந்தது. பழைய விளையாட்டுச் சீடிகளில் சேஃப்டிஸ்க் என்றொரு பூட்டு இருந்தது. அது கணினியின் அடித்தளத்தில் தன் நிரலொன்றைச் செருகி வைத்து வேலை செய்வது. அது பாதுகாப்புக்கு ஆபத்தானது என்று கருதி, மைக்ரோசொவ்ட் 2015 இல் அதை வின்டோஸ் 10 இல் ஆதரிக்காமல் விட்டுவிட்டது. மைக்ரோசொவ்டின் முடிவில் தவறில்லை. விளைவு என்னவென்றால், முழு விலை கொடுத்து வாங்கிப் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருந்தவரின் அசல் சீடி புதிய கணினியில் ஓட மறுத்தது. எங்கள் பேனை எழுத்துச் சீடியோ பூட்டு நீக்கப்பட்டது என்பதால் பெரும்பாலும் ஓடியது.

இணைப்பு இருந்தால்தான் ஓடும் என்ற பூட்டைப் பற்றி எங்களிடம் யாராவது கேட்டிருக்க வேண்டும். 2010 இல் 'அசாசின்ஸ் கிரீட் 2' இல் இணைப்பு ஒரு நொடி அறுந்தாலும் விளையாட்டு நின்றது. 2013 மார்ச்சில் வந்த 'சிம்சிட்டி' இல் நிறுவனத்தின் சேவையகங்களே நெரிசல் தாங்காமல் படுத்துவிட, வாங்கியவர்கள் நாள்கணக்கில் வெளியே காத்துக் கிடந்தார்கள். ஓர் ஆண்டு கழித்துத்தான் இணைப்பின்றி விளையாடும் வசதி வந்தது. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டோடு வாழ்ந்த நாட்டில், மடிக்கணினியின் மின்கலம் இருக்கும் மட்டும் தனியே இருந்து விளையாட நினைத்தவனுக்கு, வீட்டு ரவுட்டர் அணைந்து போனதால் விளையாட்டும் மறுக்கப்படும் நிலையை எண்ணிப் பாருங்கள். தனியாள் விளையாட்டுக்கு இணைப்பைக் கேட்பவர்கள், மின்சாரம் நிற்காத ஊரில் இருந்துகொண்டு யோசித்தவர்கள்.

பூட்டுப் போடுபவன் நம்மவனாக இருந்தாலும் கதை மாறுவதில்லை. எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் கடைகளுக்கான பில் போடும் மென்பொருள் எழுதி விற்பவர். ஒரு கடையில் கொடுத்தது பக்கத்துக் கடைகளுக்கும் பிரதியாகிப் போவதைக் கண்டு, கணினியின் வன்தட்டு இலக்கத்தோடு அதைப் பிணைத்துவிட்டார். அடுத்த நல்லூர்த் திருவிழாக் காலத்தில், காசு கொடுத்து வாங்கிய முதலாளி ஒருவரின் வன்தட்டு பழுதாகி, புதிதாகப் போட்ட தட்டில் மென்பொருள் திறக்க மறுத்தது. வியாபாரம் முட்டிமோதும் நாளில் அந்த முதலாளி துண்டில் பில் எழுதிக்கொண்டிருக்க, பிரதியை உடைத்துப் பாவித்த கடையில் பில் அச்சாகிக்கொண்டிருந்தது.

பாதுகாத்தல் என்ற பக்கமும் இருக்கிறது. அமெரிக்காவில் 2010 க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 வீதமானவை இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று விளையாட்டு வரலாற்றைக் காக்கும் அமைப்பொன்று 2023 இல் கணக்கிட்டது. எரிப்பையும் இடப்பெயர்வையும் கண்ட எங்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. 2005 முதல் ஈழத்துப் புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் மின்வருடி இணையத்தில் வைத்துவரும் நூலகம் நிறுவனத்தின் வேலையை அறிந்தவர்களுக்குப் பிரதி எடுப்பது என்பது சில நேரம் காப்பாற்றுவதும்தான் என்று தெரியும். இங்குள்ள 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை உரிமையைக் காக்கிறது. சேவையகத்தை நம்பி ஓடும் விளையாட்டு ஒன்று பத்து ஆண்டு வாழ்ந்தாலே பெரிய காரியம். யூபிசொவ்ட்டின் 'த க்ரூ' 2014 இல் விற்கப்பட்டு, 2024 மார்ச் 31 ஆம் திகதி சேவையகம் நிறுத்தப்பட்டதோடு, தனியே கார் ஓட்டிப் பார்க்கக்கூட வழியின்றிச் செத்தது. அதன் பிறகு ஐரோப்பாவில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு, விற்ற விளையாட்டை விளையாடக்கூடிய நிலையில் விட்டுச் செல்லும்படி நிறுவனங்களுக்குச் சட்டம் கேட்டார்கள். கலிபோர்னியா மாநிலமோ, நீங்கள் வாங்குவது பொருளை அன்று, பாவிக்கும் அனுமதியை மட்டுமே என்று கடைக்காரர் தெளிவாகச் சொல்ல வேண்டும் என 2024 இல் ஒரு சட்டம் இயற்றியதோடு நிறுத்திக்கொண்டது. ஏமாற்றுவதை முன்கூட்டியே அறிவித்தால் போதும் என்பது எனக்கு அரைகுறைத் தீர்வாகவே படுகிறது.

பூட்டைத் தானாகக் கழற்றிய நிறுவனங்கள் இல்லாமலில்லை. 2016 மே மாதம் வெளியான 'டூம்' விளையாட்டிலிருந்து அவ்வாண்டு டிசம்பரிலேயே டெனுவோ நீக்கப்பட்டது. அதனால் அந்த நிறுவனம் மூழ்கிவிடவில்லை. ஆகவே நான் கேட்பது நடக்க முடியாத ஒன்றன்று. பூட்டு எந்தத் திகதியில் கழற்றப்படும் என்பதை விற்கும் பக்கத்திலேயே விலைக்குப் பக்கத்தில் போடட்டும். அதுவரை கிராக் தேடாமல் காத்திருப்பதோ காசு கொடுப்பதோ எங்கள் பொறுப்பு. பலர் சேர்ந்து இணையத்தில் மட்டுமே விளையாடும் விளையாட்டுகளுக்கு இந்த ஏற்பாடு நேரடியாகப் பொருந்தாது. அங்கே கடைசி நாளில் சேவையக மென்பொருளை வெளியிடும்படி கேட்கலாம், ஆனால் மூன்றாம் தரப்பினரிடம் உரிமம் பெற்ற பகுதிகள் அதற்குள் இருக்கும் என்ற நிறுவனங்களின் பதிலில் ஓரளவு உண்மையும் உண்டு. தனியாள் விளையாட்டுகளுக்கு அப்படியான சாட்டு எதுவும் இல்லை. ஆறு மாதம் என்றாலும் எனக்குச் சம்மதம். வோல்க்மனின் கணக்குப்படி பார்த்தால் அதில் பாதியே போதும்.