வெளியே போ என்று சொல்லும் அதிகாரம் யாரிடம்?

வீடு என்றால் மனம் இளைப்பாறும் இடம் என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. "இந்த வீட்டில் நீ யார்?" என்று அவர்களை ஒருவரும் ஒருமுறைகூடக் கேட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். பாலினமும் பாலீர்ப்பும் வீட்டின் பொருளை எப்படி மாற்றுகின்றன என்ற பேச்சு வரும்போதெல்லாம் அன்பு, ஏற்பு, புரிதல் ஆகிய சொற்களே முன்னால் வந்து நிற்கின்றன. பெற்றோர் ஏற்றுக்கொண்டார்களா, உடன்பிறந்தவர்கள் பேசுகிறார்களா என்றுதான் நாமும் விசாரிக்கிறோம். அவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் ஏற்பு என்பது, கொடுத்தவர் நினைத்தால் திரும்ப வாங்கிக்கொள்ளக்கூடியது. ஒருவரை வெளியே போகச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அப்படிச் சொல்லப்பட்டவர் "போக மாட்டேன்" என்று நிற்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்ற கேள்வியிலிருந்துதான் இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும் என்று கருதுகிறேன்.

அந்தக் கேள்வி சாவு நேர்ந்த வீட்டில்தான் மிகத் துலக்கமாக எழுகிறது. நியூயார்க்கில் மிகெல் பிராஷி, லெஸ்லி பிளான்சார்ட் என்ற இரு ஆண்கள், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு உட்பட்ட ஒரு குடியிருப்பில் 1975 முதல் இணையராக வாழ்ந்தார்கள். குடியிருப்பு பிளான்சார்டின் பெயரில் மட்டுமே இருந்தது. 1986இல் அவர் இறந்ததும், பிராஷி காலி செய்ய வேண்டும் என்றார் உரிமையாளர். இறந்தவரின் வாழ்க்கைத்துணையையோ, அவரோடு வாழ்ந்துவந்த குடும்பத்தினரையோ வெளியேற்ற முடியாது என்று விதி இருந்தது. பத்தாண்டுக்கு மேல் அதே வீட்டில் வாழ்ந்த பிராஷி இந்த இரண்டில் எதிலாவது அடங்குவாரா என்பதே வழக்கு. அடங்குவார் என்று 1989இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் சொன்னது. வியன்னாவில் சீக்மண்ட் கார்னருக்கு இந்த நல்வாய்ப்பு அமையவில்லை. அவருடைய இணையர் 1994இல் இறந்தார், உரிமையாளர் வழக்குத் தொடுத்தார், 1974ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் சொல்லும் வாழ்க்கைத்துணை என்பதில் ஒரே பாலினத்தவர் அடங்க மாட்டார்கள் என்று ஆஸ்திரிய உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அது பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2003இல் சொன்னபோது, கார்னர் இறந்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

நியூயார்க் தீர்ப்பைப் பலரும் வெற்றியாகவே நினைவுகூர்கிறார்கள், வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் யார் குடும்பம் என்று முடிவுசெய்ய அந்த நீதிமன்றம் வைத்த அளவுகோல்களைப் பார்க்கும்போது எனக்கு ஒரு நெருடல் வருகிறது. எவ்வளவு காலம் சேர்ந்து வாழ்ந்தார்கள், வரவு செலவை எப்படிப் பகிர்ந்துகொண்டார்கள் என்பவற்றோடு, உற்றார் உறவினர் முன்னிலையில் தங்களை எப்படிக் காட்டிக்கொண்டார்கள் என்பதும் அவற்றில் ஒன்று. பிராஷியும் பிளான்சார்டும் அதை வெளிப்படையாகச் செய்தவர்கள். அப்படிச் செய்ய முடியாமல், வேலை போய்விடும் என்றோ அடி விழும் என்றோ அஞ்சி வாயை மூடிக்கொண்டு வாழ்ந்தவர்கள் எந்தச் சான்றைக் கொண்டுபோய் நீட்டுவார்கள்?

மறைப்பு இப்படித்தான் நடக்கிறது. உறவினர் வருகிறார்கள் என்று தகவல் வந்ததும் சுவரிலிருந்து ஒரு புகைப்படம் இறங்குகிறது, அலமாரியில் சில புத்தகங்கள் பின்வரிசைக்குப் போகின்றன, ஒருவரும் படுக்காத இரண்டாவது அறையின் கட்டிலில் விரிப்பைக் கொஞ்சம் கசக்கிவிட்டு, தலைமாட்டில் ஒரு கைக்கடிகாரத்தையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் வைத்தாக வேண்டியிருக்கிறது. வீடு தேடும்போது "நீங்கள் இருவரும் என்ன உறவு?" என்ற கேள்விக்கு நண்பர்கள், ஒன்றாக வேலை பார்க்கிறவர்கள், ஒன்றுவிட்ட சகோதரிகள் என்று எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. (எங்கள் வாடகை ஒப்பந்தத்திலும் நாங்கள் தோழியர்தான்.) அன்றைக்குத் தலைக்கு மேல் கூரையைத் தந்த அந்தப் பதில், நாளைக்கு ஒருவர் இல்லாமல் போகும்போது மற்றவருக்கு எதிரான சாட்சியமாகிவிடும். இரண்டு பெயரிலும் வங்கிக் கணக்கு இருக்காது. அண்டை வீட்டாரைக் கேட்டால் உடன் தங்கியிருந்தவர் என்பார்கள். இறந்தவரின் அண்ணன் சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்வார். பாதுகாப்புக்காக அழித்த தடயம்தான் உரிமைக்கு வேண்டிய தடயமும் என்பதைப் பொதுவாழ்வில் துணிந்து வெளிப்பட்டவர்கள்கூட அவ்வளவாகப் பேசுவதில்லை.

சுவரும் கதவும் இருந்தால் உள்ளே நடப்பது தனிப்பட்ட விஷயம் என்ற நம்பிக்கைகூட எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைத்ததில்லை. ஆண்களின் தன்பாலுறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கிய 1967ஆம் ஆண்டு ஆங்கிலேயச் சட்டம், இருவருக்கு மேல் ஒருவர் உடனிருந்தாலே அது தனிமையாகாது என்று கணக்கு வைத்தது. பெல்ஃபாஸ்டில் 1976இல் ஜெஃப்ரி டட்ஜனின் வீட்டுக்குள் போதைப்பொருள் தேடிப் போன காவல்துறை, அவருடைய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் எடுத்துச்சென்று அவருடைய பாலுறவு வாழ்க்கையைப் பற்றி மணிக்கணக்கில் விசாரித்தது. அவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார், 1981இல் வென்றார். அட்லாண்டாவில் 1982இல் ஒருவர் தம் சொந்தப் படுக்கையறையிலேயே கைதானார், 1986இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதற்கு வழிவகுத்த சட்டம் செல்லும் என்றது, அந்தத் தீர்ப்பைத் தவறென்று திருத்த 2003 வரை ஆயிற்று. இந்தியாவில் தன்பாலுறவு குற்றமன்று என்ற தீர்ப்புக்கு 2018 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தன்பாலீர்ப்பாளர் அந்தக் கதவு அடைத்தே இருக்க வேண்டும் என்று போராடிய அதே காலத்தில், பெண்கள் அதைத் திறக்கச் சொல்லிப் போராடிக்கொண்டிருந்தார்கள். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் வீட்டைப் பற்றிச் சரியாகப் பேச முடியாது. மனைவியை வல்லுறவு செய்வது குற்றமே என்பதை இங்கிலாந்தின் உயர் நீதிபீடம் உறுதிசெய்தது 1991இல்தான். அதுவரை படுக்கையறைச் சுவர் கணவனைத்தான் காத்தது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் கணக்குப்படி, 2023இல் உலகம் முழுவதும் திட்டமிட்டுக் கொல்லப்பட்ட பெண்களும் சிறுமியரும் ஏறக்குறைய 85,000 பேர். அவர்களில் சுமார் 51,100 பேரைக் கொன்றவர்கள் அவர்களுடைய துணைவர்களோ குடும்பத்தினரோதான், அதாவது நாளொன்றுக்குச் சராசரியாக 140 பேர். கொலையுண்டவர்களில் பெரும்பான்மையோர் ஆண்கள்தான் என்றாலும், ஆண்களைக் கொல்கிறவர்களில் வீட்டாரின் பங்கு மிகச் சிறியது. ஆகவே வீட்டை அடைக்கலம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும்போது அது யாருடைய அனுபவம் என்று கேட்டாக வேண்டும்.

பெண்கள் இயக்கம் இதற்குக் கண்டுபிடித்த விடையிலிருந்து மற்றவர்கள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. இந்தியாவின் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், பகிர்ந்து வாழும் வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தருகிறது. மாமனார் மாமியாருக்குச் சொந்தமான வீட்டிலும் இந்த உரிமை இல்லாமல் போகாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அவர்கள் மருமகளை விரும்புகிறார்களா என்று சட்டம் கேட்கவில்லை. விருப்பத்தையும் வசிப்பையும் தனித்தனியாகப் பிரித்ததுதான் இதில் பெரிய காரியம் என்பேன்.

திருநருக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டமும் மேலோட்டமாகப் பார்த்தால் இதையே செய்கிறது. பெற்றோரோ நெருங்கிய குடும்பத்தினரோ வசிக்கும் வீட்டில் வசிக்கவும், அங்கிருந்து விலக்கப்படாமல் இருக்கவும் திருநருக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 12ஆவது பிரிவு. ஆனால் பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் நீதிமன்ற உத்தரவின்படி மறுவாழ்வு மையம் என்பதுதான் அது காட்டும் மாற்று வழி. பிறந்த வீட்டில் முடி வெட்டப்பட்டு, அடிபட்டு, அறையில் பூட்டப்பட்ட ஒரு திருநங்கைக்கோ திருநம்பிக்கோ அங்கேயே இருக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டு, கிளம்பிப்போய்த் தனக்குப் பிடித்தவர்களோடு வாழும் உரிமையைப் பற்றி வாய் திறக்காத சட்டம் பாதிச் சட்டம். இருக்கும் உரிமையும் போகும் உரிமையும் சேர்ந்துதான் ஒருவருக்கு வீட்டைத் தருகின்றன.

இங்கேதான் தேர்ந்தெடுத்த குடும்பம் என்ற பேச்சு வருகிறது. மார்ஷா ஜான்சனும் சில்வியா ரிவேராவும் 1970இல் நியூயார்க்கில், வீட்டிலிருந்து துரத்தப்பட்ட இளம் திருநருக்கும், பாலினத்திலோ பாலீர்ப்பிலோ வழக்கமான வகைகளுக்குள் அடங்காத பால்புதுமையினருக்கும் ஓர் இல்லம் நடத்தினார்கள். பிள்ளைகள் தெருவுக்குப் போய்ச் சம்பாதிக்க வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காக, தாங்கள் தெருவில் நின்று வாடகை கட்டினார்கள். அடுத்த ஆண்டே அந்தக் கட்டடத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். இந்தக் கதையின் முதல் பாதியைச் சொல்லி நெகிழ்கிறவர்கள், வெளியேற்றத்தை ஏனோ சொல்வதே இல்லை. குடும்பத்தை உருவாக்கத் திருமணம் மட்டுமே வழியன்று, தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பமே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னதை மனமார வரவேற்கிறேன். வீட்டார் பிடித்துவைத்திருந்த ஒரு பெண்ணைத் தன் விருப்பப்படி போக விட்ட தீர்ப்பு அது. ஆனால் வாடகை ஒப்பந்தத்திலும், மருத்துவமனைப் படிவத்திலும், வாரிசுச் சட்டத்திலும் அந்தக் குடும்பத்துக்கு இன்னும் இடமில்லை. உயில் எழுதி வைத்தால் சொந்த வீட்டைக் கொடுக்கலாம். வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் எதை எழுதி வைப்பது?

எனவே நான் கேட்பது மிகச் சாதாரணமானது. ஒரே வீட்டில் வாழும் இருவர் கையெழுத்திட்டுப் பதிவுசெய்தால், ஒருவருக்குப் பின் மற்றவர் அங்கே தொடர அது போதுமானதாக இருக்க வேண்டும். அவர்களுக்குள் என்ன உறவு என்று அந்தப் படிவம் கேட்கக் கூடாது. கேட்டால் மறைத்து வாழ்கிறவர்கள் கையெழுத்துப் போட மாட்டார்கள். இது தன்பாலீர்ப்பாளருக்கு மட்டும் உதவுவதுமன்று. சேர்ந்து வாழும் இரண்டு கைம்பெண்களுக்கும், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் இரண்டு வயதான நண்பர்களுக்கும் இதுவே பயன்படும். முதியோர் இல்லங்களுக்கும் இதே விதி வேண்டும். வாழ்நாள் முழுவதும் வெளிப்படையாக வாழ்ந்தவர்கள்கூட, உடம்புக்கு இன்னொருவர் உதவி தேவைப்படும் வயதில், பராமரிப்பவர் முகம் சுளிப்பாரோ என்று அஞ்சி மறுபடியும் மறைக்கத் தொடங்குகிறார்கள். கணவன் மனைவிக்கு ஒரே அறை ஒதுக்கும் இல்லம், முப்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த இரண்டு பெண்களை வெவ்வேறு தளங்களில் தங்கவைக்குமானால், அதற்கு உரிமம் புதுப்பிக்கும் அதிகாரி காரணம் கேட்க வேண்டும்.