பதவியையும் பறித்தார்கள், பதக்கமும் கொடுத்தார்கள்

இரண்டாம் உலகப் போர் விமானம் என்றால் நம் ஆட்கள் ஸ்பிட்ஃபயரோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு டைஃபூன் மேல்தான் கண். 1942இல் பிரிட்டிஷ் விமானப்படையின் 609ஆவது ஸ்குவாட்ரனுக்கு, அதாவது விமானப் பிரிவுக்கு, கிடைத்த விமானம். கிடைத்தது என்ன, தலையில் கட்டினார்கள்! 24 சிலிண்டர் எஞ்சின், 2000 குதிரைத்திறனுக்கு மேல். ஆனால் பறக்கும்போதே வால் ஒடிந்துபோன சம்பவங்கள் உண்டு. எஞ்சின் புகை உள்ளே கசியும் என்பதால் ஏறி உட்கார்ந்ததுமே ஆக்சிஜன் முகமூடியை மாட்டிக்கொள்ள வேண்டும். இதைக் கைகழுவிவிடலாமா என்று மேலிடம் யோசித்தபோது ஸ்குவாட்ரன் தலைவர் ரோலண்ட் பீமான்ட் விடவில்லை. உயரத்தில் சோடை போனால் என்ன, தாழப் பறந்து ஜெர்மன்காரர்களின் ரயில்களை அடிக்கலாமே என்று மல்லுக்கு நின்றார். 1944இல் ராக்கெட் ஏந்தி பிரான்ஸின் நார்மண்டி போர்முனைக்குப் போனது அதற்கப்புறம்.

நான் சொல்ல வந்தது 1943 ஜனவரி 20. அப்போது 609இல் பெல்ஜியர்கள் நிறைய. அவர்களில் ஒருவர் ழான் டி செலி லோன்ஷான், பழைய குதிரைப்படைக்காரர். அன்று ரயில்களைச் சுடும் வேலை முடிந்ததும் கூட வந்தவரை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியாக, ஜெர்மனி பிடித்துவைத்திருந்த பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸுக்குத் திரும்பினார். லூயிஸ் அவென்யூ, 453ஆம் எண். வரிசையாக ஜன்னல் வைத்த அடுக்குமாடி, உள்ளே கெஸ்டபோ, நாஜிகளின் ரகசியப் போலீஸ். தெரு மட்டத்துக்கு இறங்கி வந்து நான்கு 20 மி.மீ. பீரங்கிகளாலும் முகப்பைச் சல்லடையாக்கினார். போகிற போக்கில் பெல்ஜியக் கொடியையும் பிரிட்டிஷ் கொடியையும் வீசிவிட்டுப் போனார்.

மேலிடத்து அனுமதி கிடையாது. அதனால் பதவி இறக்கம். அதே காரியத்துக்காக டிஎஃப்சி என்ற, விமானிகளுக்கான வீரப் பதக்கமும்! இதைப் படிக்கிறவர்கள் எல்லாம் அதிகாரிகளைத் திட்டுவார்கள். நான் திட்டமாட்டேன். நடு ஊரில், ஜனங்கள் நடமாடும் தெருவில், ஆளாளுக்குத் தோன்றியபடி சுட ஆரம்பித்தால் என்ன ஆகும்? விசாரணைக்குப் பிடித்துவந்த உள்ளூர்க்காரர் யாராவது அந்நேரம் உள்ளே இருந்திருந்தால்? தண்டனை சரி. ஆனால் கெஸ்டபோவுக்குப் பயந்து கிடந்த ஊருக்கு அந்த ஒரு நிமிடம் என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்தால் பதக்கத்தையும் மறுக்க மனம் வரவில்லை. இரண்டையும் சேர்த்தே கொடுத்த அந்த அதிகாரிகள் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதைகூட உண்டு.

அதே ஆண்டு ஆகஸ்ட் 16, பெல்ஜியக் கடற்கரையில் உள்ள ஆஸ்டெண்ட் பக்கம் போய்வந்து இங்கிலாந்தின் மான்ஸ்டன் தளத்தில் இறங்கும்போது விமானம் நொறுங்கி இறந்துபோனார். லூயிஸ் அவென்யூவில் இன்று அவர் சிலை இருக்கிறது.

இன்னொன்று. 609இல் வில்லியம் என்று ஒரு ஆடு வளர்த்தார்கள். போர் முடிவதற்குள் அதற்குப் படிப்படியாகப் பதவி உயர்வு கொடுத்து ஏர் கமடோர் என்ற உயர் அதிகாரியாகவே ஆக்கிவிட்டார்கள்.